வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்த கை

"ரத்தம்!" என்றார் ஆர்வோ கெம்ப்பைனென். கவிழ்த்து வைத்திருந்த வாளியைக் காலால் தள்ளிவிட்டார்.

வெள்ளைப் பனியில் ஒரு கை அகலத்துக்குச் சிவப்பு. நேற்று மதியம் விழுந்தது, இரவுக் குளிரில் அப்படியே உறைந்து கிடந்தது.

காயானி நகரத்துத் தனியார் துப்பறிவாளர் சைமி தொலோனென் குனிந்து பார்த்தாள். அவள் உதவியாளர் உர்போ குனியவில்லை. முப்பத்தைந்து வருஷம் டாக்ஸி ஓட்டிவிட்டு அறுபத்தொரு வயதில் இந்த வேலைக்கு வந்தவர். அவருக்கு முதுகும் வளையாது, நாய்களும் பிடிக்காது.

"சனிக்கிழமை ராத்திரி என் வண்டியில ஏறினவங்க இதைவிட நல்லா வாந்தி எடுத்திருக்காங்க," என்றார் உர்போ.

"இது விளையாட்டில்ல!" ஆர்வோவின் கழுத்து நரம்பு புடைத்தது. "என் நாய்க்கு எவனோ விஷம் வெச்சிருக்கான். எல்க் மான் வேட்டை ஆரம்பிச்சு ஒரே வாரம். இவன் இல்லேன்னா எங்க வேட்டைக் குழுவே கெடையாது. வெச்சவனைக் கண்டுபிடி. அவன் பேர் நாறணும். அவனை இந்த ஊரை விட்டே துரத்தணும்!"

"இவன்" என்று அவர் காட்டிய உக்கோ, ஆட்டுக்குட்டி உயரமுள்ள சாம்பல் நிற வேட்டை நாய். விஷம் சாப்பிட்டதாகச் சொல்லப்பட்ட அந்த ஜீவன், உர்போவின் கோட்டுப் பைக்குள் மூக்கை விட்டு பன்னைத் தேடிக்கொண்டிருந்தது.

"இவனைத் தள்ளிப் போகச் சொல்லு சைமி. சாகப்போற ஆள் மாதிரியே தெரியல."

சைமி நாயின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு ரோஜா நிறத்தில் இருந்தது. விரலால் அழுத்தி எடுத்ததும் வெளுத்த இடம் உடனே சிவந்தது. வயிறு மெத்தென்று இருந்தது. நாய் அவள் காதை நக்கியது.

"எத்தனை தடவை எடுத்தான்?"

"ரெண்டு. முதல் தடவை ரெண்டு மணி பத்து நிமிஷம். அடுத்தது ரெண்டு இருபத்தஞ்சு. அதுக்கப்புறம் இல்ல."

"கூடவே ஏதாவது கிடைச்சுதா?"

ஆர்வோ சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். நாய்க் கொட்டகையின் ஆணியில் குத்தியிருந்ததாம். பெரிய எழுத்தில் ஒரே வரி:

'நாய்னா வாந்தி எடுக்கத்தான் செய்யும். காலையில சரியாயிடும்.'

"யாரோட கையெழுத்து?"

"கையெழுத்து எவனோடதா இருந்தா என்ன? வார்த்தை என்னோடது." ஆர்வோ பல்லைக் கடித்தார். "போன வருஷம் லெம்பி மொய்லானெனோட நாய் ஹல்லா என் பொறுப்புல இருந்தப்ப செத்துப்போச்சு. ஒரு தடவை வாந்தி எடுத்துது, படுத்துது, விடியறதுக்குள்ள போயிடுச்சு. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன், காலையில சரியாயிடும்னு. அந்தப் பொம்பளை அதையே பிடிச்சுக்கிட்டு ஒரு வருஷமா என்னைச் சாபம் விடுறா. போய்ப் பிடி அவளை!"

"பிடிக்கிறதுக்கு முன்னாடி உங்க வாக்குமூலம் வேணும்," என்றாள் சைமி.

சமையலறை சூடாக இருந்தது. ஆர்வோவின் மனைவி ஈரிஸ் காபி கொண்டுவந்து வைத்தாள். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான பெண். அவர்கள் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. உர்போ நோட்டைப் பிரித்தார். டாக்ஸி ஓட்டிய காலத்தில் பயணிகள் சொல்லும் முகவரிகளைப் பறந்து பறந்து எழுதிப் பழகிய கை அது.

"முழுசா எழுதிக்கோ," என்றார் ஆர்வோ. "போலீஸுக்கும் அனுப்பப் போறேன், வேட்டைச் சங்கத்துக்கும் அனுப்பப் போறேன். நான் எவ்வளவு ஜாக்கிரதையான ஆளுன்னு எல்லாருக்கும் தெரியணும்."

"சொல்லுங்க. வாந்தி எடுத்ததைப் பார்த்ததும் என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யணுமோ அதைச் செஞ்சேன். ஈறைப் பார்த்தேன். கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன், உடம்புல தண்ணி வத்திடுச்சான்னு. வயித்தைத் தடவினேன். சாப்பாட்டை எடுத்துட்டேன். வாந்தியில கொஞ்சத்தை மாதிரிக்குன்னு ஒரு பையில போட்டேன். நாலாவது நிமிஷம் சொட்காமோ கால்நடை டாக்டருக்குப் போன். அந்தம்மா கேட்ட அத்தனை கேள்விக்கும் பதில் ரெடியா வெச்சிருந்தேன். ரெண்டாவது தடவைக்கப்புறமும் கூப்பிட்டேன். இப்ப நல்லா இருந்தா வீட்லயே வெச்சுப் பாருங்க, மூணாவது தடவை எடுத்தா உடனே கொண்டு வாங்கன்னாங்க."

"இவ்வளவும் எப்படித் தெரியும்?"

ஆர்வோ நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பெருமை முகத்தில் வழிந்தது.

"முப்பது வருஷமா நாய் வளர்க்கிறேன். ஒரு தடவை எடுத்துட்டு வாலாட்டினா பயமில்ல. புல்லைத் தின்னுட்டு எடுக்கும், அவசரமா முழுங்கிட்டு எடுக்கும், விடியகாலம் வெறும் வயித்துல மஞ்சளா நுரை கக்கும். அதெல்லாம் சும்மா. ஆனா திரும்பத் திரும்ப எடுத்தா, ரத்தம் கண்டா, ஈறு வெளுத்தா, கூப்பிட்டா எந்திரிக்காமக் கெடந்தா, வண்டியை எடுத்துரணும். எல்லாத்தையும் விட மோசம் என்ன தெரியுமா? ஒண்ணுமே வராம ஓங்கரிக்கிறது. இரைப்பை முறுக்கிக்கும். வயிறு பந்து மாதிரி வீங்கும். உக்காரும், எந்திரிக்கும், முதுகை வளைக்கும், வாயைப் பொளக்கும், எச்சில்தான் வரும். என் நாய் எதுக்கும் அது வந்ததில்ல, ஆனா கண்ணால பார்த்திருக்கேன். பதினோரு தடவை ஓங்கரிச்சுது, எண்ணினேன். அது வந்துட்டா ஒரு மணி நேரம்கூட வீட்ல வெச்சிருக்கக் கூடாது. வெச்சா நாய் செத்துது."

ஈரிஸ் ஏற்கெனவே நிரம்பியிருந்த சைமியின் கோப்பையில் மறுபடி காபியை ஊற்றினாள். தட்டில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

ஆர்வோ மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். கைப்பேசியில் படம் எடுத்தார். சைமி பூட்ஸை மாட்டுவதற்குள் மூன்று பக்கமும் போலீஸுக்கும் சங்கத் தலைவருக்கும் போய்விட்டன.

"மூணு மணிக்குச் சங்கத்துக்காரங்க அஞ்சு பேரை இங்க வரச் சொல்லியிருக்கேன்," என்றார். "அதுக்குள்ள அவளைக் கூட்டிட்டு வா. எல்லார் முன்னாடியும் கேக்கணும்."

வெளியே வந்ததும் சைமி பனியில் உறைந்த சிவப்பை ஒரு குச்சியால் கிளறினாள். ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள். உர்போவின் மூக்கருகே நீட்டினாள்.

"எனக்கு எதுக்கு? நான் இன்னும் மதியச் சாப்பாடு சாப்பிடல."

"மோந்து பாரு."

"...புளிச்ச வாடை. வினிகர்?"

"ரத்தத்துல வினிகர் வாடை அடிக்காது. இது ஊறவெச்ச பீட்ரூட். ஓரத்தைப் பாரு, அலை அலையா வெட்டியிருக்கு. நெளிநெளியா வெட்டுற கத்தி. கூட ஈரல் கஞ்சி. விஷமும் இல்ல, ரத்தமும் இல்ல."

உர்போ சிரித்தார். "அப்ப கேஸ் முடிஞ்சுது. குற்றவாளி ஒரு ஸாலட்."

"முடியல. இந்த ஊர்ல பீட்ரூட்டை எதோட ஊறவெப்பாங்க?"

"வெங்காயத்தோட. எங்க வீட்லயும் அப்படித்தான்."

"இதுல ஒரு துண்டு வெங்காயம்கூட இல்ல. அதோட வாசனைகூட இல்ல. ஜாடியில வெங்காயம் போடாமலே, நாய்க்குன்னு தனியா ஊறவெச்சிருக்காங்க. இல்லேன்னா ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுத்திருக்காங்க. வெங்காயம் நாய்க்கு ஆகாதுன்னு தெரிஞ்ச கை இது. ஆர்வோவைப் பயமுறுத்தணும், ஆனா நாய்க்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு நெனச்ச கை."

"பழிவாங்க வந்தவன் பத்தியச் சாப்பாடு போட்டிருக்கான்ங்கிற!"

"வண்டியை எடு. லெம்பி வீட்டுக்கு."

லெம்பி மொய்லானென் ஏரிக்கு மறுகரையில் தனியாக இருந்தாள். அவர்கள் போனபோது விறகு பிளந்துகொண்டிருந்தாள். அகன்ற தோள். கோடரியைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"ஆர்வோ நாய்க்கு விஷமா? செத்துதா?"

"இல்ல. நல்லா இருக்கு."

"நல்லது." டமார் என்று ஒரு கட்டை இரண்டானது. "உக்கோ நல்ல நாய். அவன் என்ன பண்ணான் பாவம். நான் செய்யிறதா இருந்தா ஆர்வோவுக்குத்தான் செய்வேன். துப்பாக்கி வீட்லதான் இருக்கு, ரெண்டு தடவை எடுத்து ரெண்டு தடவை வெச்சேன். போய் எழுதிக்கோ."

உர்போ ஓர் அடி பின்னால் வைத்தார். "இந்தம்மா வாக்குமூலம் ரொம்பச் சுருக்கமா இருக்கு. எனக்குப் பிடிச்சிருக்கு."

"லெம்பி, பீட்ரூட் ஊறவெப்பியா?" என்று கேட்டாள் சைமி.

லெம்பி கோடரியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "இதைக் கேக்கவா காயானியிலேர்ந்து வந்தே? என் வீட்ல பீட்ரூட் நுழைஞ்சு ஒரு வருஷமாச்சு. சிறுநீரகத்துல கல்லு. டாக்டர் முதல்ல நிறுத்தச் சொன்னதே அதைத்தான். போன அக்டோபர்ல அந்தக் கல்லுக்குத்தான் ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போனாங்க. அப்பத்தான் ஹல்லாவை ஆர்வோகிட்ட..."

அவள் கோடரியைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு உள்ளே போனாள். இருவரும் பின்னால் போனார்கள். குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வேட்டைச் சங்கத்தின் விசாரணைக் குறிப்பு. கீழே ஆர்வோவின் கையெழுத்து.

"சங்கத்துல கூட்டி வெச்சுக் கேட்டாங்க. அவன் சொன்னதை எழுதிக்கிட்டாங்க. அதோட முடிஞ்சுது. தெரியாம நடந்துபோச்சு, விட்டுடு லெம்பின்னாங்க. அந்த வருஷம் நான்தான் வேட்டைத் தலைவரா வர்றதா இருந்துது. வேட்டையில முன்னாடி ஓடற முதல் நாய் ஹல்லாதான். அவ போனதும் நான் சங்கத்தை விட்டே வந்துட்டேன். இப்ப வேட்டைத் தலைவர் யாரு? முதல் நாய் யாரோடது?"

சைமி குறிப்பை வாசித்தாள். இரண்டாவது வரியிலேயே அவள் விரல் நின்றது.

'ஒரே ஒரு தடவை வாந்தி எடுத்தது. பிறகு அமைதியாகத் தூங்கியது. வாந்தியில் எது ஆபத்து, எது இல்லை என்று எனக்குத் தெரியாது. என் நாய்களுக்கு இப்படி வந்ததில்லை.'

"உர்போ, நோட்டைக் குடு."

அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். உர்போ எட்டிப் பார்த்தார். வாயில் வந்த நையாண்டி அப்படியே நின்றுவிட்டது.

"என் நாய் எதுக்கும் வந்ததில்லன்னான்," என்று மெதுவாகச் சொன்னார். "ஆனா கண்ணால பார்த்தேன்னும் சொன்னான். பதினோரு தடவை எண்ணினேன்னான். அப்ப யாரோட நாயைப் பார்த்து எண்ணினான்?"

லெம்பி ஆணியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டினாள். சைமி கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"துப்பாக்கியை இங்கயே வெச்சுட்டு வா."

"எதுக்கு?"

"நீ சுட்டா அவன் ஒரு நொடியில தப்பிச்சுடுவான். அஞ்சு பேரு முன்னாடி உக்காந்து பதில் சொல்லட்டும்."

லெம்பி யோசித்தாள். வெறுங்கையோடு வந்து வண்டியில் ஏறினாள்.

மூன்று மணி. ஆர்வோவின் சமையலறையில் சங்கத்துக்காரர்கள் ஐந்து பேரும் ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சங்கத் தலைவர் தௌனோ, எழுபது வயது, காது கொஞ்சம் மந்தம், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பேசியில் ஆர்வோ அனுப்பிய பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தார். லெம்பி வாசல்படியிலேயே நின்றாள். அவளைப் பார்த்ததும் ஆர்வோ எழுந்தார்.

"வந்துட்டா பாருங்க! எவ்வளவு தைரியம்!"

"உக்காருங்க ஆர்வோ," என்றாள் சைமி. "உங்க நாய்க்கு யாரும் விஷம் வெக்கல. பீட்ரூட் வெச்சாங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். ஆர்வோவின் முகம் கறுத்தது.

"பீட்ரூட்டா? அப்ப எவ வெச்சா?"

சைமி பதில் சொல்வதற்குள் ஈரிஸ் மேஜைக்கு வந்தாள். கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். சைமியின் முன்னால் மட்டும் வைத்தாள். ஊறவைத்த பீட்ரூட். ஒவ்வொரு துண்டின் ஓரமும் நெளிநெளியாக இருந்தது. ஒரு துண்டு வெங்காயம் இல்லை.

"மீதி," என்றாள் ஈரிஸ். அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"நீயா?" ஆர்வோவின் குரல் கீச்சென்றது. "உனக்குப் பைத்தியமா? நம்ம நாய்டீ அது!"

"எனக்குத் தெரியும். வெறும் வயித்துல வினிகர் போனா கக்கிடுவான், அதோட சரியாயிடுவான்னும் தெரியும். பக்கத்துலயே நின்னு பார்த்தேன்." ஈரிஸ் சைமியைப் பார்த்தாள். "இவரு எவ்வளவு வேகமா ஓடினாரு தெரியுமா? நாலே நிமிஷம். நான் கடிகாரத்தைப் பார்த்துட்டே நின்னேன்."

"இந்தப் பொம்பளை பேச்சைக் கேக்காதீங்க!"

"தௌனோ," என்றாள் சைமி சத்தமாக, "மூணாவது பக்கம், கடைசி பத்தி. எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாசிங்க."

தௌனோ வாசித்தார். மந்தக் காதுக்காரர்களுக்கே உரிய உரத்த குரலில் ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக வாசித்தார். *பதினோரு தடவை ஓங்கரிச்சுது, எண்ணினேன்* என்ற இடத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆர்வோ, போன வருஷம் சங்கத்துல நான்தான் உன்னைக் கேட்டேன். ஒரே தடவைன்னே. உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னே. நானே எழுதினேன்."

"அது... அது வேற நாய். எங்கேயோ பார்த்தது."

"எந்த நாய்? எந்த ஊர்ல?" என்றார் உர்போ. "நிதானமா யோசிச்சுச் சொல்லு. எழுதிக்கிறேன், பேனாவுல மை இருக்கு."

ஆர்வோ மேஜையைக் குத்தினார். பிறகு கத்தினார். "அந்தப் பக்கங்களைக் கிழி! நான்தான் உன்னை வேலைக்கு வெச்சேன், அது என்னோடது!"

"கிழிச்சுடலாம்," என்றாள் சைமி. "போலீஸ் கையில இருக்கறதை யாரு கிழிப்பா? காலையிலேயே நீங்களே அனுப்பிட்டீங்க. கையெழுத்தோட."

ஈரிஸ் அடுப்பின் மேல் கையை ஊன்றிக்கொண்டு பேசினாள். அழவில்லை. ஒரு வருஷமாக உள்ளேயே ஒப்பித்துப் பார்த்ததைச் சொல்வது போல இருந்தது.

"ஹல்லா ஓங்கரிக்க ஆரம்பிச்சதும் நான் டாக்டருக்குப் போன் பண்ணப் போனேன். போனைப் பிடுங்கிக்கிட்டாரு. வண்டிச் சாவியை எடுத்தேன், அதையும் பிடுங்கிப் பையில போட்டுக்கிட்டாரு. 'நாளைக்கு உக்கோதான் முதல் நாய், நீ பேசாம இரு'ன்னாரு. மறுநாள் சங்கத்துல ஒண்ணும் தெரியாதவர் மாதிரி உக்காந்திருந்தாரு. நான் சொன்னா யாரு நம்புவா? புருஷன் மேல கோபத்துல பேசறாம்பீங்க. அதான் அந்தச் சீட்டையும் குத்தி வெச்சு, தன் நாய்க்கு வந்தா என்ன செய்யத் தெரியும்னு அவரு வாயாலயே சொல்ல வெச்சேன்."

தௌனோ எழுந்தார். ஆர்வோவின் சட்டையில் தொங்கிய வேட்டைத் தலைவரின் வாக்கி டாக்கியைக் கழற்றி எடுத்துக்கொண்டார். ஆர்வோ தடுக்கவில்லை. மற்ற நால்வரும் வரிசையாக அவருக்குப் பின்னால் வெளியேறினார்கள். ஒருவர்கூட ஆர்வோவிடம் விடைபெறவில்லை.

இப்போது லெம்பி வாசல்படியை விட்டு உள்ளே வந்தாள். ஆர்வோவின் எதிரே நின்றாள்.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

ஆர்வோ தரையைப் பார்த்தார்.

"மத்தியானம் ரெண்டே கால்," என்றாள் ஈரிஸ்.

"எத்தனை மணிக்கு முடிஞ்சுது?"

"விடியகாலம் நாலு."

லெம்பியின் உதடுகள் அசைந்தன. கணக்குப் போட்டாள். "கிட்டத்தட்ட பதினாலு மணி நேரம். சொட்காமோ ஒரு மணி நேர ரோடு." அவள் ஈரிஸின் பக்கம் திரும்பினாள். "நீ சொன்னதுக்கு நன்றி. ஆனா உன்னையும் நான் மன்னிக்கல. ஒரு வருஷம் லேட்டு."

"தெரியும்," என்றாள் ஈரிஸ்.

"நீ பேசு ஆர்வோ. ஒரு வார்த்தை பேசு."

"அது... ஒரு நாய்தானே லெம்பி," என்றார் ஆர்வோ.

உர்போ கண்ணை மூடிக்கொண்டார். சைமி லெம்பியின் கையைப் பிடிக்கத் தயாராக நின்றாள். தேவைப்படவில்லை. லெம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள், சந்தையில் கெட்டுப்போன மீனைப் பார்ப்பது போல. பிறகு வெளியே போனாள்.

நாய்களைக் கண்டால் ஆகாத உர்போ, முற்றத்தில் தன் கோட்டுப் பையிலிருந்த பன்னை எடுத்துப் பாதியாகப் பிய்த்து உக்கோவுக்குப் போட்டார். "யாருகிட்டயும் சொல்லாதே," என்றார் நாயிடம்.

போலீஸிலிருந்து அன்று மாலையே போன் வந்தது. வழக்கு குளிர்காலம் முழுக்க நடந்தது. விலங்கைத் துன்புறுத்தியதாக ஆர்வோவுக்குத் தண்டனை கிடைத்தது. கூடவே, இனி பல வருஷங்களுக்கு எந்த விலங்கையும் வளர்க்கக் கூடாது என்றும் நீதிமன்றம் சொன்னது. ஈரிஸ் அதற்கு முன்பே உக்கோவைக் கூட்டிக்கொண்டு ஔலுவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆர்வோ வீட்டின் முற்றத்தில் இப்போது கொட்டகை மட்டும் இருக்கிறது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை, லெம்பியை அவள் வீட்டில் இறக்கிவிடப் போகும் வழியில், ஏரியைச் சுற்றிப் போகும் ரோட்டில் பாதி தூரம் போனதும் சைமி பின்னால் திரும்பினாள்.

"இப்ப கொஞ்சம் ஆறுச்சா?"

"இல்ல." லெம்பி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு வருஷமா ஊரெல்லாம் நான் ஆர்வோவைத் திட்டறேன்னு நெனச்சாங்க. அவனைத் திட்டினது பகல்ல மட்டும்தான். மீதி நேரமெல்லாம் என்னைத்தான் திட்டிக்கிட்டேன். ஏன் ஆஸ்பத்திரிக்குப் போனே, ஏன் அவளை விட்டுட்டுப் போனே, வலியைப் பொறுத்துக்கிட்டு வீட்லயே கெடந்திருக்கலாமேன்னு."

"இப்ப?"

லெம்பியின் முகத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு போல ஏதோ ஒன்று வந்தது. பார்க்க நன்றாக இல்லை.

"இப்ப மொத்தமும் அவன் மேலதான். எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா?"